முதல் உப்பு

நேற்று மாலை அந்தக் கண்ணாடி ஜாடிக்குள் மேலே கிளம்பிய ஒரு காற்றுக் குமிழ், பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கலாமணி ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடுகளவுக் குமிழ்தான். அதற்குள் ஜன்னல் முழுதாகத் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற தென்னையும் தலைகீழாகத் தெரிந்தது.

குமிழ் நின்றால் கூழ் நின்றுவிட்டது என்று அவள் கணக்கு.

இந்தக் குடும்பத்தை வாரந்தோறும் பார்த்து வருகிறவர்களுக்குத் தெரியும், அவளுடைய கூழ் இதற்கு முன் இரண்டு முறை நிற்கவில்லை.

சோமனூரில் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் பட்டறை வைத்திருக்கும் தனபாலுக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன், கலாமணி கோயமுத்தூரில் கிருபாவதி அக்காவின் பியூட்டி பார்லரில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். அங்கே ஒரு கல்யாணப் பெண்ணின் நெற்றி முடி, சுருட்டும் சூட்டுக் கம்பியில், அவள் கையாலேயே கருகியது. அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. அன்றைக்குப் பிறந்த ஆசைதான் இது. கம்பி வைக்கும் முன் முடியில் தடவ ஒரு லோஷன். சூடு நேராக முடியைத் தொடக் கூடாது. போட்ட சுருளும் கலையக் கூடாது.

உள்ளே போகும் மற்ற சாமான்கள் அமைந்துவிட்டன. அவற்றை வழியவிடாமல் முடியிலேயே நிறுத்திவைக்கும் கூழ்தான் அமையவில்லை. முதல் தடவை, நூலுக்குப் போடுவதுதானே என்று பட்டறை மரவள்ளி மாவிலேயே காய்ச்சினாள். கம்பி பட்டதும் பொரிந்து, வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது. இரண்டாவது தடவை புளியங்கொட்டை மாவு. அது உதிரவில்லை. ஆனால் சீப்பை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது.

"மூணாவது ஒருக்கா கொண்டா, கலாமணி. அதோட முடிச்சுக்கலாம்" என்று கிருபாவதி அக்கா சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த மூன்றாவது தடவை இன்று. பிற்பகல் மூன்று மணிக்கு.

காலை ஆறு மணிக்குக் கலாமணி ஜாடி இருந்த அறைக் கதவைத் திறந்தாள். வெயில் இன்னும் முற்றவில்லை. ஜன்னலோரம் ஜாடி மங்கலாக மின்னியது. அருகே போய்க் குமிழைத் தேடினாள்.

குமிழைக் காணவில்லை.

ஜாடியைச் சாய்த்தாள். நேற்று அசையாமல் நின்ற கூழ், சளக்கென்று ஒரு பக்கம் ஓடி வந்தது. தண்ணீர். வெறும் தண்ணீர். அடியில் மட்டும் மஞ்சளாக ஒரு மெல்லிய கீற்று படிந்திருந்தது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தக் கூழைச் செய்த தூளுக்குக் கார்பொமர் என்று பெயர். பெரிய கடை வீதிக்குப் பின்னால் சந்தில் கெமிக்கல் கடை வைத்திருக்கும் யூனுஸ் பாய் கொடுத்தது. தண்ணீரில் தூவினால் மோர் மாதிரி நிற்கும். காரத் தண்ணீர் நாலு சொட்டு விட்டுக் கிளறினால், கண்ணெதிரிலேயே மோர் கண்ணாடியாக மாறும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று கலாமணி சாப்பிடவே மறந்துபோனாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் தங்கச்சி. இதுக்கு உப்பு ஆகாது. உப்புப் பட்டா இளகிரும்" என்று பாய் சொல்லியிருந்தார்.

சோமனூர் போர் தண்ணீர் உப்பு. அதனாலேயே செல்வபுரத்தில் தன் அம்மா வீட்டுக் குழாயில் வந்த சிறுவாணித் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து செய்த கூழ் அது.

விரலால் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். கரித்தது.

"வர்ஷினி! இங்க வா, சித்த."

தனபாலின் தங்கை வர்ஷினி, பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். இருபது வயது. இடுப்புவரை முடி. இன்றைக்குப் பார்லரில் லோஷனைத் தடவிக் காட்டுவது அவள் தலையில்தான் என்று போன வாரமே பேச்சு. வருகிற ஞாயிற்றுக்கிழமை கொடுமுடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பார்க்க வருகிறார்கள்.

"நேத்துப் பொழுதோட இந்த ரூமுக்குள்ள வந்தியா?"

"வந்தேனுங்க நங்கை." அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுவது அந்த வீட்டு வழக்கம். "ஒரே ஒரு வெரலு எடுத்துத் தடவிப் பாத்தேன். ஜில்லுன்னு இருந்துச்சு."

"எடுத்தது தெரியாம இருக்கட்டும்னு தண்ணி ஊத்துனியா?"

"நானா?"

"கரிக்குது கண்ணு. இந்த ஊட்டுல கரிக்கறது அந்தப் போர் தண்ணி ஒண்ணுதான்."

வர்ஷினி ஜாடியைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். சமையல்கட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லு. எதுக்கு முழிக்கற?"

"அப்ப நாந்தான் ஊத்திப்போட்டேன்னு வெச்சுக்கோங்க."

"வர்ஷினி..."

"மூணு மணிக்கு என்னைத் தேடாதீங்க. சவுரிமுடில தடவிக் காட்டுங்க. அது யாரையும் கேள்வி கேக்காது. அதையும் யாரும் கேக்க மாட்டாங்க."

டைப்ரைட்டிங் கிளாஸ் நோட்டை எடுத்துக்கொண்டு, பின்னலை முடிக்காமலேயே படியிறங்கிவிட்டாள்.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே தனபால் எட்டிப் பார்த்தான். ஜாடியைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. இருபது வருஷமாகக் கஞ்சியோடு புழங்குகிறவன். ஓடும் ஓட்டத்தை வைத்தே சொல்லிவிடுவான்.

"போச்சாட்டிருக்குது?"

"போச்சுங்க."

அவன் கதவு நிலையைத் தடவினான். "நூல் சுத்தற மெஷின்காரர் பொழுதோட வர்றாரு. மெஷின் போட இந்த ரூமை அளவெடுக்கோணும்னாரு. வரச் சொல்லட்டுமா, வேண்டாமா?"

"மூணு மணி ஆகட்டும்ங்க."

"சரி. அதுவரைக்கும் நான் ஒண்ணுஞ் சொல்லுல."

சமையல்கட்டிலிருந்து மாமியார் தெய்வாத்தாளின் குரல் வந்தது. "நூலுக்குக் கஞ்சி போட்டாங்க, சரி. தலமுடிக்குக் கஞ்சி போடற குடும்பம்னு ஊரே சிரிக்குது. இதுல வெடியால எந்திரிச்சதும் சண்டை வேற!"

அத்தை எட்டு மாதமாக இதைத்தான் சொல்கிறாள். கலாமணிக்கு அது காற்றில் தென்னை ஓலை அசையும் சத்தம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

மற்ற சாமான்கள் கலந்த பாட்டிலைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். யூனுஸ் பாயிடம் போனால் ஏதாவது வழி இருக்குமா என்று பார்க்கலாம். இல்லாவிட்டால் பார்லருக்குப் போய், முடியவில்லை அக்கா என்று நேரில் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

"ஏனம்மணி, நில்லு."

தெய்வாத்தாள் ஈரக் கையோடு வந்தாள். உள்ளங்கையில் நாலைந்து கல் உப்பு. ஒவ்வொரு கல்லிலும் மஞ்சள் தடவியிருந்தது.

"முந்தியக் காட்டு."

"எதுக்குங்க அத்தை?"

"நல்ல காரியத்துக்குப் போறயில்ல? மொத உப்பு கூடப் போகோணும். பட்டறையில புதுத் தொட்டி வெக்கறப்பெல்லாம் என் கையிலதான் உழுகும். இருவது வருசத்துல ஒரு பாவு கெட்டதில்ல, உம்பட புருசனையே கேட்டுப் பாரு." முந்தானை நுனியில் உப்பை வைத்து இறுக்கி முடிந்தாள். "ஊரு சிரிச்சாச் சிரிக்கட்டும். நீ எப்படியாச்சும் செயிச்சுட்டு வா."

கலாமணி அந்த முடிச்சையே பார்த்தாள். துணியின் வழியே மஞ்சள் லேசாகக் கசிந்திருந்தது. ஜாடியின் அடியில் காலையில் பார்த்த அதே மஞ்சள்.

அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கள்ளம் ஒன்றுமே இல்லை. திட்டித் திட்டியே பழகிய வாய், கொஞ்சம் கூச்சத்தோடு மூடியிருந்தது. அவ்வளவுதான்.

நேற்று ஜாடியிலும் போட்டீர்களா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் அந்தக் கை இனி எந்தத் தொட்டியிலும் உப்புப் போடாது என்று அவளுக்குத் தோன்றியது.

"போயிட்டு வாரேனுங்க அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

பஸ் சூலூரைத் தாண்டும்போது நல்ல வெயில். ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. ஆலைச் சங்கு ஒன்று எங்கோ தூரத்தில் ஊதியது. பஞ்சு லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து பிய்ந்த பஞ்சுத் துணுக்குகள் பஸ்ஸின் உள்ளே மிதந்து வந்து, யார்மேலும் உட்கார மனமில்லாதது போல மறுபக்க ஜன்னல் வழியாக வெளியே போயின.

வர்ஷினி சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. கலாமணி கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடிய கண்ணுக்குள் ஒரு கல்யாண மண்டபம். தவில் சத்தம் கேட்கவில்லை, கையசைவு மட்டும் தெரிந்தது. மணப்பெண்ணின் முகம் தெரியவில்லை. நெற்றியோரம் சுருள் சுருளாக முடி மட்டும் தெரிந்தது. ஹோமப் புகை. பெண்ணின் நெற்றியில் ஒரு வேர்வைத் துளி கிளம்பி, மெதுவாக, மிக மெதுவாக, முதல் சுருளைத் தொட்டது. தொட்ட இடத்தில் சுருள் அவிழ்ந்து தண்ணீராக ஓடியது.

திடுக்கிட்டு விழித்தாள். மேலுதட்டில் வேர்த்திருந்தது. நாக்கால் தொட்டாள்.

கரித்தது.

பஸ்ஸில் அத்தனை பேர் நெற்றியும் வேர்த்திருந்தது. கண்டக்டரின் காக்கிச் சட்டை முதுகில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கலாமணி ஒருவர் தலையை விட்டு அடுத்தவர் தலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லோரும் தலையில் உப்பு சுமந்துகொண்டு போகிறார்கள். அத்தை போட்டிருக்காவிட்டால், அந்தக் கண்ணாடிக் கூழ் இன்று பார்லரில் ஜெயித்திருக்கும். அப்புறம் ஏதோ ஒரு மண்டபத்தில், ஏதோ ஒரு பெண்ணின் நெற்றியில், எல்லோர் முன்னாலும் அவிழ்ந்திருக்கும்.

முந்தானை முடிச்சை உள்ளங்கைக்குள் பிடித்துக்கொண்டாள்.

யூனுஸ் பாய் கடையில் கற்பூரம், வாஷிங் சோடா, நெல்லிக்காய்ப் பொடி எல்லாம் கலந்த வாசனை. பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார்.

"வாங்க தங்கச்சி. முகத்தப் பாத்தா செயிச்ச மாதிரியும் இருக்குது, தோத்த மாதிரியும் இருக்குது."

"தோத்துட்டேனுங்க பாய். நீங்க ஊற வெச்சிருக்கற கூழ் எல்லாத்துலயும் ஒவ்வொரு கரண்டி வேணும். நாலு கண்ணாடி டம்ளரும் வேணும்."

"டீ டம்ளர்தான் இருக்குது."

"அது போதுங்க."

அலமாரியில் வரிசையாக ஹார்லிக்ஸ் பாட்டில்கள். வாங்குகிறவர்களுக்குக் காட்டுவதற்காகப் பாய் ஒவ்வொரு தூளையும் ஊற வைத்திருப்பார். அதிலிருந்து நான்கு டம்ளர்களில் எடுத்து வைத்தார். கார்பொமர். கொத்தவரைப் பிசின். அப்புறம் ஏதோ ஒரு கடல்பாசிக் கூழ். கடைசியாக, கலாமணி இதுவரை திரும்பிக்கூடப் பார்க்காத செல்லுலோஸ் என்ற ஒன்று.

அவள் முந்தானையை அவிழ்த்தாள். மஞ்சள் தடவிய உப்பை விரலால் நசுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்குப் போட்டுக் கிளறினாள்.

கார்பொமர் உடனே கால் மடங்கி உட்கார்ந்தது. கடல்பாசி கட்டி கட்டியாகத் திரண்டது. கொத்தவரைப் பிசின் அசையவில்லை. ஆனால் அது முன்பே கலங்கல்தான். முகர்ந்தால் பச்சைக் கொத்தவரங்காயை உடைத்த வாடை வந்தது.

"கல்யாணப் பொண்ணு தலைல பொரியல் வாசம் வந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் பாய்.

நான்காவது டம்ளரில் ஒன்றுமே நடக்கவில்லை. உப்பு விழுந்தது. கரைந்தது. கூழ் அப்படியே இருந்தது.

கலாமணி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கார்பொமரின் கண்ணாடித் தெளிவு இல்லை. மார்கழிக் காலையில் ஜன்னல் கண்ணாடி மாதிரி லேசான மங்கல். உள்ளே ஒரு குமிழ் ஏறிக்கொண்டிருந்தது. நிற்கவில்லை. அவசரமும் படவில்லை.

"குமிழ் நிக்கலையே பாய்."

"உங்களுக்கு நிக்க வேண்டியது சுருளா, குமிழா?"

அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நாளாக அவள் அந்தக் குமிழைத்தான் காதலித்திருக்கிறாள். லோஷனை அல்ல.

"இது பஞ்சுலயும் மரத்துலயும் இருக்கற சக்கைல இருந்து எடுக்கறது" என்றார் பாய். "உப்பு, வேர்வை ஒண்ணும் பண்ணாது. சூடு பட்டா சித்த இளகும், ஆறினா திரும்ப வந்துரும். பளபளப்பு கம்மிதான். அதனால யாரும் மொதல்ல இதக் கேக்கறதில்ல."

"இங்கயே கலக்கிக்கட்டுங்களா?"

"பின்னால அடுப்பு இருக்குது. தாராளமா."

அவசரத்தில் முதல் கரண்டித் தூளை நேராகச் சுடுதண்ணீரில் கொட்டிவிட்டாள். மீன் கண் மாதிரி உருண்டை உருண்டையாகக் கட்டியது. வெளியே ஈரம், உள்ளே உலர்ந்த மாவு. மணி பன்னிரண்டரை.

தனபால் பட்டறையில் எப்படிச் செய்வான் என்று யோசித்தாள். அவன் ஒருநாளும் மாவைச் சுடுதண்ணீரில் கொட்டியதில்லை. முதலில் அதை எதிலாவது குழைத்துக்கொள்வான். பச்சைத் தண்ணீரில் அவிழ விடுவான். அப்புறம்தான் சூடு. ஒரே திசையில் துடுப்பு. 'கஞ்சிக்கு அவசரம் தெரியப்படாது புள்ள' என்பான்.

கட்டியதைக் கொட்டிவிட்டு, புதுத் தூளைக் கிளிசரினில் குழைத்தாள். பச்சைத் தண்ணீரில் நூலாக விட்டாள். அப்புறம் இளஞ்சூட்டில், ஒரே திசையில், மெதுவாகக் கிளறினாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கரண்டி கொஞ்சம் கனத்தது. இன்னும் கொஞ்சம் கனத்தது. தூங்கும் குழந்தை தோளில் கனப்பது மாதிரி.

இரண்டு மணிக்கு லோஷன் பாட்டிலுக்குள் இறங்கியது.

சாயிபாபா காலனியில் கிருபாவதி அக்காவின் பார்லர் எப்போதும் போலக் குளிர்ந்த மங்கலில் இருந்தது. கண்ணாடிக்கு மேலே சின்ன ஏசு படம். அதற்குக் கீழே பிளாஸ்டிக் ரோஜா. அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாக இன்னும் இருபது நிமிஷம்.

"எங்க, வர்ஷினி வரலையா?"

"இல்லீங்க அக்கா. அவளுக்கு... முடியல."

அக்கா ஒரு கற்றைச் சவுரிமுடியை எடுத்து, லோஷனைத் தடவி, டிரையரில் உலர்த்தி, சூட்டுக் கம்பியில் சுற்றினாள். கலாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கம்பி விலகியது. சுருள் தொங்கியது. அக்கா அதை உதறினாள். ஒன்றும் உதிரவில்லை. சீப்பு தடையில்லாமல் போய் வந்தது.

"வாடை இல்ல. உதிரல. நல்லாத்தான் இருக்குது." அக்கா சுருளை விரலில் சுற்றி விட்டாள். "ஆனா கலாமணி, சவுரிக்கு வேர்க்காது. எனக்கு வேர்க்கற தலை வேணும். நம்ம ஊர் மண்டபத்துல ஃபேனுக்கு அடியிலயா உக்கார வெக்கறாங்க? அதப் பாக்காம நான் ஒரு பொண்ணு தலையத் தொட மாட்டேன். உனக்கே தெரியும், ஏன்னு."

தெரியும். கருகிய அந்த முடிக்கு அன்று பெண்ணின் அம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டது அக்காதான்.

"என் தலையில பாருங்க அக்கா."

"உனக்கு இருக்கறதே அரைச் சாண். எதைச் சுருட்டட்டும்?"

கலாமணி தலை குனிந்தாள். மூன்று மணி அடித்தது.

அப்போது கண்ணாடிக் கதவு திறந்து, வெளி வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. அந்தப் பட்டையில் வர்ஷினி நின்றாள். ஓடி வந்திருக்கிறாள். முகமெல்லாம் சிவந்து, நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து, காதோர முடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் பாதியில் விட்ட பின்னல் இன்னும் பாதியிலேயே இருந்தது.

"பஸ்ஸு காந்திபுரத்தோட நின்னுபோச்சு" என்றாள் மூச்சு வாங்க. "அங்கிருந்து நடந்தேன். அப்பறம் ஓடினேன்."

"உக்காரு, உக்காரு. மொதல்ல தலைய அலசிரலாம்" என்றாள் கிருபாவதி.

"வேண்டாங்க அக்கா!" கலாமணி குரல் உயர்ந்ததைக் கேட்டு அவளே பயந்தாள். "அலச வேண்டாம். இப்படியே போடுங்க. வேர்வையோட."

அக்கா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு லோஷன் பாட்டிலை அவள் கையிலேயே கொடுத்தாள். "அப்ப நீயே தடவு. கம்பியும் நீயே பிடி."

எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கம்பியைப் பிடிக்கிறாள். வர்ஷினியின் ஈர நெற்றியோரத்தில் லோஷனைத் தடவினாள். உப்பும் கூழும் விரலுக்கடியில் சந்தித்துக்கொண்டன. அவள் காத்திருந்தாள். வழியவில்லை. டிரையர் முனகியது. முடி மெல்ல உலர்ந்தது. உலர்ந்தாலும் விறைக்கவில்லை.

கம்பியை வைக்கும்போது கை நின்றது.

"வைங்க நங்கை" என்றாள் வர்ஷினி, கண்ணாடியில் அவளைப் பார்த்து. "நான் பயப்படுல."

வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. மூக்கு அந்தப் பழைய வாடைக்காகக் காத்திருந்தது. வரவில்லை. கம்பியை உருவினாள். நெற்றியோரத்தில் ஒரு சுருள், விழித்து எழுந்தது போல, ஆடி நின்றது.

அக்கா தண்ணீர் எடுக்க உள்ளே போனபோது கலாமணி குனிந்து சொன்னாள். "காலைல நான் கேட்டது தப்பு கண்ணு. நீ ஊத்தல."

"தெரியும்."

"உனக்குத் தெரியுமா?"

"நேத்துப் பொழுதோட பாத்தேனுங்க. அம்மா வெளக்குப் பத்த வெச்சுட்டு, யாருக்கும் தெரியாம உள்ள வந்து, ஜாடி முன்னால கண்ண மூடி நின்னுச்சு. அப்பறம் ஒரு கை உப்பைப் போட்டுச்சு. எட்டு மாசமாத் திட்டிட்டு இப்ப வேண்டிக்குதேன்னு எனக்குச் சிரிப்பா வந்துச்சு. காலைல நீங்க கரிக்குதுன்னதும் புரிஞ்சு போச்சு. சொன்னா நீங்க அம்மாகூடப் பேச மாட்டீங்க. அது அப்பறம் உங்களுக்காக எதும் வேண்டிக்காது."

கலாமணி சீப்பைக் கீழே வைத்தாள். அந்த முடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

கிருபாவதி அக்கா திரும்பி வந்தபோது மின்விசிறியை அணைத்துவிட்டாள். கால் மணி நேரம் மூன்று பேரும் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தார்கள். வர்ஷினியின் நெற்றியில் முத்து முத்தாகப் பூத்து வழிந்தது. சுருள் நனைந்தது. அவிழவில்லை.

"அடுத்த முகூர்த்தத்துக்கு எனக்கு வேணும், கலாமணி" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "இப்பவாச்சும் ஃபேனப் போடு, தாயி!"

பஸ்ஸில் திரும்பி வரும்போது வர்ஷினி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காற்றில் சுருள்கள் அவள் நெற்றியில் விளையாடின. சிங்காநல்லூர் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்.

"கிருபாவதி அக்கா பார்லருக்கு ஆள் வேணும்னாங்க. நீங்க பில்லு எழுதற மேசைகிட்ட நின்னப்ப. நான் வர்றேன்னு சொல்லிப்போட்டேன்."

"ஞாயித்துக்கெழம?"

"அதுக்குத்தான் உங்ககிட்டச் சொல்றேன். எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம் நங்கை. கொடுமுடிக்காரங்கள வரவேண்டாம்னு அம்மாகிட்ட நீங்கதான் சொல்லோணும். நான் சொன்னா அழுகும். நீங்க சொன்னாக் கேக்கும்."

கலாமணி வெளியே பார்த்தாள். சோளக்காட்டுக்கு மேல் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் இவள் கலாமணிக்காக வாயை மூடிக்கொண்டாள். இப்போது இவளுக்காகக் கலாமணி வாயைத் திறக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது மெஷின்காரர் டேப்போடு வாசலில் நின்றிருந்தார். தனபால் தங்கையின் நெற்றியைப் பார்த்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"ஏனுங்க, அந்த ரூம் வேண்டாம். பட்டறைப் பக்கத்துல கொட்டாயி ஒண்ணு காலியா இருக்குது. அங்க அளவெடுத்துக்கலாம், வாங்க" என்று அவரை அழைத்துக்கொண்டு போனான்.

விளக்கு வைக்கும் நேரம். கலாமணி பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் புதுக் கூழ் கலக்கி முடித்து, ஜன்னலோரம் ஆற வைத்தாள். மங்கிய வெளிச்சத்தில் ஒரு குமிழ் அடியிலிருந்து புறப்பட்டது. நிற்காமல், அவசரப்படாமல், ஏறிக்கொண்டிருந்தது.

பின்னால் வளையல் சத்தம் கேட்டது. தெய்வாத்தாள் வந்து நின்றாள். கையில் மஞ்சள் தடவிய உப்பு. இந்தத் தடவை ஒளிக்கவில்லை.

"போடட்டுமா?" என்று கேட்டாள், சின்னப் பிள்ளை மாதிரி.

"நீங்கதான் போடோணும் அத்தை."

"போன தடவை உம்பட காரியம் நல்லா வரோணும்னு நெனச்சுப் போட்டேன். வந்திருச்சு. இந்தத் தடவை இவளுக்கு." வாசற்படியில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சுருள்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "ஞாயித்துக்கெழம கொடுமுடிக்காரங்க வந்து, எம்பொண்ணுக்குப் பூ வெச்சுட்டுத்தான் போகோணும்."

கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. உப்பு விழுந்தது.

கூழ் கலங்கவில்லை. குமிழ் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. வாசற்படியில் வர்ஷினி மட்டும் கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு, கலாமணியையே பார்த்தாள்.

கலாமணி துடுப்பைக் கையில் எடுத்தாள். ஒரே திசையில், மெதுவாக, இரண்டு சுற்றுக் கிளறினாள்.

"அத்தை, இந்த ஸ்டூல்ல சித்த உக்காருங்க" என்றாள். "உப்புக் கரையறதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."